பாம்பன் புதிய தூக்குப்பாலம்: வேகம் கூடியிருக்கிறது, காற்று அப்படியேதான்

1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில், கப்பலுக்கு வழிவிட மேலெழும் தூக்குப் பகுதியை ரயில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில்தான் ஊர்ந்து கடந்தது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலத்தில் 75 கி.மீ. வரை அனுமதி உண்டு, தூக்குப் பகுதியில் மட்டும் 50. மொத்த நீளமே 2.08 கி.மீ. என்பதால் கண்ணை மூடித் திறப்பதற்குள் கடல் முடிந்துவிடும். ஜன்னலோரத்தில் ஆற அமரக் கடல் பார்த்தவர்களுக்கு இது நஷ்டம்தான். ஆனால் 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தியபின் மண்டபத்தோடு இறங்கி பஸ் பிடித்தவர்கள் குறை சொல்லமாட்டார்கள்.

பழையது நடுவில் பிளந்து இரு கைபோல் மேலெழுந்தது. ஆட்கள் நின்று கையால் சுற்றவேண்டியிருந்தது. புதியதில் 72.5 மீட்டர் நீளப் பகுதி மட்டம் குலையாமல் 17 மீட்டர் ஏறுகிறது, ஐந்தாறு நிமிடத்தில். கிணற்று ராட்டினத்தில் இருபுறமும் வாளி தொங்குவதுபோல், கோபுரங்களில் தொங்கும் எதிர்எடைகள் பாரத்தின் பெரும்பங்கைச் சமன்செய்கின்றன. மிச்ச எடைக்கும் உராய்வுக்கும் மட்டும் மோட்டார் போதும். சிக்கல் எங்கே என்றால், நாலு மூலையும் ஒரே அளவில் நகரவேண்டும். ஒரு பக்கம் பிந்தினால் முழுப் பகுதியும் சாய்ந்து இறுகும். திறப்பு நாளன்றே, கப்பல் போனபின் இறக்கும்போது தடங்கல் வந்தது.

பக்கத்தில் 1988-ல் திறந்த சாலைப் பாலம் நடுவில் உயர்ந்து கப்பலுக்கு நிரந்தரமாக வழிவிடுகிறதே, ரயிலுக்கும் அப்படிக் கட்டினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பஸ் ஏறும் ஏற்றத்தில் ரயில் ஏறாது. அந்த உயரத்துக்கு இருகரையிலும் வெகுதூரம் மண்மேடு போடவேண்டும். பாம்பன் நிலையமோ கரையை ஒட்டி இருக்கிறது. ஆகவே தூக்குவதுதான் சரி. தூக்கினால் கடல்மட்டத்திலிருந்து கிடைக்கும் 22 மீட்டர் இடைவெளியும் சாலைப் பாலத்தடி உயரத்துக்குச் சமம். அதற்குமேல் தூக்கிப் பயனில்லை.

உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காத கம்பி, பாலிசிலாக்ஸேன் என்னும் அரிப்புத்தடுப்புப் பூச்சு எல்லாம் போட்டிருக்கிறார்கள். தூண்கள் இரட்டைப் பாதைக்குத் தயார், தண்டவாளம் ஒன்றுதான்.

காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகும். புயல் அறிவிப்பு இருக்கும் நாளில் ராமேஸ்வரத்திலிருந்து அவசரமாகத் திரும்பவேண்டியவர்கள் பஸ்ஸையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பாலம் தூக்குவதைப் பார்க்க சாலைப் பாலம்தான் நல்ல இடம். வண்டியைப் பாலத்து நடுவில் நிறுத்தாமல், கரையில் விட்டுவிட்டு நடந்து போங்கள்.