ஆர்ம்ஸ்ட்ராங் ஸ்டேடியத்தில் ஒரு மாலை ஆட்டம், போகலாமா?

தாராளமாகப் போகலாம். இந்தியானாபோலிஸிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் ப்ளூமிங்டன், அங்கே இந்தியானா பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் சொந்த மைதானம்தான் பில் ஆர்ம்ஸ்ட்ராங் ஸ்டேடியம். தம்பி அங்கே படிக்கிறான், ஒரு தடவை கூட்டிப்போனான், அப்புறம் நானாகவே இரண்டு தடவை போய்விட்டேன். கல்லூரிப் பையன்கள் ஆட்டம்தானே என்று தயங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ஆடுகளத்தைச் சுற்றி ஒரு சைக்கிள் பாதை ஓடுகிறது. ஏப்ரலில் நடக்கும் லிட்டில் 500 பந்தயத்தில் ஆண்கள் 200 சுற்று ஓட்டுவது இதில்தான். அதனால் கேலரி கொஞ்சம் தள்ளியே இருக்கும். முன்வரிசைக்கு அடித்துக்கொள்ளாமல் மேலே ஏறி உட்காருங்கள், நடுக்களம் மொத்தமாக இடதும் வலதும் நகர்வது அங்கிருந்துதான் தெரியும், இந்த அணியிடம் பார்க்க வேண்டியதும் அதுதான்.

காரணம் கோச் டாட் யேக்லி. அவரே ஒரு மிட்ஃபீல்டர். 1991 முதல் 1994 வரை இதே கல்லூரிக்கு ஆடினார், நான்கு வருடமும் ஆல்-அமெரிக்கன், அதாவது நாட்டின் சிறந்த கல்லூரி வீரர்கள் பட்டியலில் இடம். 1994 தேசியக் கல்லூரிப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் வர்ஜீனியாவிடம் 1-0 என்று தோற்ற அந்த அணியில் பக்கத்தில் ஆடிய இன்னொரு மிட்ஃபீல்டர் பிரையன் மேசனோவ். அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்து லீக்கான எம்எல்எஸ் 1996இல் தொடங்கியபோது இரண்டு பேரும் கொலம்பஸ் க்ரூ என்ற ஒரே கிளப்புக்கே போனார்கள். மேசனோவ் 1998 உலகக் கோப்பையில் அமெரிக்காவுக்கு ஆடினார். யேக்லிக்கு அந்த வெளிச்சம் கிடைக்கவில்லை, ஆனால் 2002 வரை ஒரே கிளப்பில் நின்றார். முதலில் ஒஹாயோ ஸ்டேடியம் என்ற பிரம்மாண்டமான அமெரிக்க ஃபுட்பால் அரங்கம், 1999இலிருந்து எம்எல்எஸ்ஸில் கால்பந்துக்கென்றே கட்டிய முதல் ஸ்டேடியம், இரண்டிலும் ஆடிய தலைமுறை அது.

ஆட்டத்தை விட்டதும் ப்ளூமிங்டனுக்கே உதவி கோச்சாகத் திரும்பினார். அப்போது தலைமைக் கோச் அவருடைய அப்பா ஜெர்ரி யேக்லி. ஆறு தேசியப் பட்டம் வென்றவர், ஆறாவது 2003இல், ஓய்வு பெறும் வருடத்தில். ஆடுகளத்துக்கே இப்போது அவர் பெயர்தான். அப்பா பெயர் வைத்த புல்லில் நின்று மகன் வேலை பார்க்கிறார், அந்தப் பாரம் எனக்குப் பக்கென்று உறைத்தது முதல் நாள் பெயர்ப்பலகையைப் பார்த்தபோதுதான்.

டாட் 2009இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் தலைமைக் கோச், 2010 முதல் இங்கே. 2012இல் 16ஆம் தர வரிசையிலிருந்து வந்து ஜார்ஜ்டவுனை 1-0 என்று வென்று பட்டம். அதற்குப் பிறகு பட்டமே இல்லையே என்று குறை சொல்கிறார்கள், எனக்கு அது நியாயமாகவே படவில்லை. 2017இல் தோல்வியே காணாமல் இறுதிக்குப் போய் ஸ்டான்ஃபோர்டிடம் இரண்டாவது கூடுதல் நேரத்தில் ஒரே கோல். கொரோனாவால் 2021 மே மாதத்துக்குத் தள்ளிப்போன இறுதியில் மார்ஷலிடம், அதுவும் கூடுதல் நேரத்தில், அதுவும் ஒரே கோல். 2022இல் சிராக்யூஸுடன் 2-2, பெனால்டியில் 7-6 என்று தோல்வி. மூன்று இறுதியில் ஒன்றைக்கூட 90 நிமிடத்துக்குள் இழக்காத அணியை வேறு எப்படித்தான் தயார் செய்ய முடியும்? வருடா வருடம் பையன்கள் படிப்பு முடிந்தோ எம்எல்எஸ்ஸுக்கோ போய்விடுகிறார்கள், புதிதாக வருகிறவர்களை வைத்து அதே ஒழுங்கைத் திரும்பக் கட்ட வேண்டும்.

முதல் தடவை போகிறவர்களுக்கு ஒன்று: கல்லூரி விதிகள் கொஞ்சம் வேறு. கோல் விழுந்தால் கடிகாரம் நிற்கும், வெளியே போன ஆள் திரும்ப உள்ளே வரலாம். எனக்கு இது முதலில் பிடிக்கவில்லை, பழகியதும் சரியாகிவிட்டது, ஏனென்றால் யாரை எப்போது இறக்குகிறார் என்பதிலேயே கோச்சின் கணக்கு தெரிகிறது.

ஆகஸ்ட் ஆட்டங்களுக்குச் சட்டை போதும், அக்டோபர் ராத்திரிக்கு நல்ல ஜாக்கெட் வேண்டும். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி ப்ளூமிங்டனுக்கு வரும் வருடமாக இருந்தால் அந்த டிக்கெட்டையே எடுங்கள். மேசனோவ் 2017 வரை யேக்லியிடம் துணைக் கோச்சாக இருந்தவர், 2018 முதல் அங்கே தலைமைக் கோச். 1994இல் ஒரே நடுக்களத்தில் பந்தைப் பகிர்ந்துகொண்ட இரண்டு பேரும் அன்றைக்கு எதிரெதிர் அணிக்கு நின்று கத்திக்கொண்டிருப்பார்கள்.