லாங்டனின் கிளாட்ஸ்டோன் மட்பாண்ட அருங்காட்சியகம்

இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரைச் சேர்ந்த லாங்டனில், விக்டோரியா காலத்துப் பீங்கான் தொழிற்சாலை ஒன்று, இடிக்கப்படும் நிலையிலிருந்து மீட்கப்பட்டு, 1970-களில் கிளாட்ஸ்டோன் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. கல் பாவிய முற்றத்தைச் சுற்றி நிற்கும் புட்டி வடிவச் சூளைகளே இதன் உயிர்நாடி. வெளியே தெரியும் அந்தப் புட்டி உண்மையில் புகைபோக்கிதான். பாண்டங்கள் வெந்தது அதனுள் அடங்கிய வட்டச் சூளையில். அச்சூளைக்குள்ளேயே நாம் நுழைந்து, நிலக்கரிப் புகையும் சாம்பலும் படாதபடி பாண்டங்களை அடைத்து வைத்த தீக்களிமண் பெட்டிகள் எவ்வளவு உயரத்துக்கு அடுக்கப்பட்டன என்று பார்க்கலாம். அவற்றைத் தலையில் சுமந்து ஏணியேறிய தொழிலாளர்களின் உழைப்பு அங்கே நிற்கும்போதுதான் உறைக்கிறது.

ஈயம் கலந்த மெருகுப்பூச்சும் சிக்கிமுக்கிக் கல் தூசியும் எத்தனையோ பேரின் உடல்நலத்தைக் குலைத்தன என்பதை இங்கே மறைக்காமல் சொல்லியிருப்பதை மனமாரப் பாராட்டுகிறேன். 1956-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்துக்குப் பின் இத்தகைய சூளைகள் அணைந்தன. ஒரு காலத்தில் நகரெங்கும் நின்றவற்றில் இன்று ஐம்பதுக்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன.

கழிப்பறைப் பீங்கான்களின் வரலாற்றைக் கூறும் காட்சிக்கூடத்தைத் தவறவிட வேண்டாம். சக்கரத்தில் பாண்டம் வனையும் செய்முறை விளக்கத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். முற்றத்துக் கற்கள் மேடுபள்ளமானவை என்பதால் நல்ல காலணி அவசியம்.