பெரியப்பாவின் கண்ணும் மதுரைப் பயணமும்

சிங்கப்பூரிலிருந்து பாம்பனுக்கு விடுப்பில் போனால் கல்யாணம், காதுகுத்து என்று நாள்கள் ஓடிவிடும். இந்த முறை பெரியப்பாவின் கண் முந்திக்கொண்டது. நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். எதிரில் நிற்பவரின் சட்டைப் பித்தான்வரை தெரிகிறது. ஆனால் படகில் காலடியில் கிடக்கும் நங்கூரக் கயிற்றில் தடுக்கித் தடுக்கி விழுகிறார். வயதாகிவிட்டது என்று வீட்டில் முடித்துவிட்டார்கள்.

ஊர்ப்பக்கம் நடந்த கண் முகாமிலோ, எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை படித்தார் என்று அனுப்பிவிட்டார்கள். என் கோபமே அதில்தான். அந்தப் பலகை நடுப்பார்வையைத்தான் அளக்கும். பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா என்ற கண்நோயோ, பெரும்பாலும் நடுவைக் கடைசியில்தான் தொடும்.

மதுரைக் கண் மருத்துவமனைக்கு 150 கிலோமீட்டருக்கு மேல், விடியுமுன் கிளம்பினோம். கண் அழுத்தமும் பார்வை நரம்பும் பார்த்துவிட்டு, நேரே பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று அளக்கும் பார்வைப் புலச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு கண்ணை மறைத்து, வெள்ளைக் குழிவான கருவிக்குள் முகம் வைத்து நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். அங்கங்கே ஒளிப்பொட்டு மின்னும்போது பொத்தானை அழுத்த வேண்டும். பெரியப்பா பொட்டைத் தேடிப் போனார். கடலில் விளக்கு தேடிய கண் சும்மா இருக்குமா? "ஐயா, நேரே பாருங்கள், தேடாதீர்கள்" என்று அங்கிருந்த பெண் சலிக்காமல் சொல்லி மறுபடியும் எடுத்தார். அந்தப் பொறுமைக்குத் தனிக் கட்டணமே கொடுக்கலாம்.

தாளில் இரண்டு கண்ணுக்கும் கீழ்ப்பகுதி கருமையாக அச்சாகி வந்தது. பெரியப்பா நம்பவில்லை. "எனக்கு எங்கேயும் கறுப்பே தெரியவில்லையே, டாக்டர்?"

தெரியாதாம். இழந்த இடம் இருட்டாக நிற்பதில்லை. சுற்றியுள்ளதை வைத்து மூளை நிரப்பிவிடுகிறது. கயிறு மறைந்து, வெறும் பலகை தெரியும். நல்ல கண்ணிலும் பார்வை நரம்பு புறப்படும் இடத்தில் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு, அதை யார் உணர்கிறோம் என்று கேட்டார் மருத்துவர்.

கிளாக்கோமாதான். போன பார்வை திரும்பாது. அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டு மருந்து, இருப்பதைக் காக்கும். வலியே இல்லாத நோய்க்குத் தினமும் மருந்து விடப் பெரியப்பா இணங்குவாரா? பெரியம்மா பொறுப்பேற்றிருக்கிறார்.

ரத்த உறவில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அண்ணன் ராமேசுவரத்தில் விசைப்படகுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், கரையில்தான் இருப்பார். பெரியப்பாவின் மறுபரிசோதனையையும் அப்போதே வைத்துக்கொள்ளலாம் என்று பேசியிருக்கிறோம்.