திரையா, திண்ணையா? ஏழைப் பிள்ளைகளைத் தொடக்கப் பள்ளியில் நிறுத்திவைப்பது எது

தை பிறந்தால் எங்கள் ஊரில் பல வீடுகள் பூட்டிக்கொள்ளும். கரும்பு வெட்டக் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கம் இது புதிதில்லை. பதிவேட்டில் பெயர் இருக்கும், வகுப்பில் பிள்ளை இருக்காது. மூன்று மாதம் கழித்துத் திரும்பும்போது வகுப்பு பெருக்கலுக்குப் போயிருக்கும். பிள்ளை கடன் வாங்கிக் கழிப்பதிலேயே நின்றிருக்கும். நான்கு நாள் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்துவிட்டு ஐந்தாம் நாள் ஆடு ஓட்டிக்கொண்டு போய்விடும். நான் பார்த்தவரை பள்ளியை விட்டு நிற்பது ஒரே நாளில் நடப்பதில்லை. பாடம் கைவிட்டுப் போன பிறகு கால் மெதுவாக வேறு பக்கம் போகிறது.

அரசின் மாலை வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக என் திண்ணையில் பாடம் எடுத்தபோது என்னைத் துரத்திய கேள்வி இதுதான்: இந்தப் பிள்ளைகளுக்காகச் செலவழிக்கக் கொஞ்சம் பணம் கிடைத்தால் அதை எதில் போடுவது? டிவியிலா, டேப்லெட்டிலா, பள்ளிக் கணினியிலா, இல்லை பாடம் சொல்லித்தரும் ஆளுக்கா?

டிவியை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் பேச அதிகம் இல்லை. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தால் குடிசையிலும் டிவி உண்டு. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. ஊரடங்கில் பள்ளிகள் மூடியபோது அது பெரிய கொடை. ஆனால் டிவி ஒரு வேகத்தில்தான் ஓடும், பிள்ளை எங்கே தடுக்கி விழுந்தது என்று அதற்குத் தெரியாது. கேரளம் 2020 ஜூன் 1இல் விக்டர்ஸ் அலைவரிசையில் வகுப்புகளைத் தொடங்கியபோது, டிவி இல்லாத பிள்ளைகளுக்காக நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க இடம் செய்துகொடுத்தார்கள். அது நல்ல யோசனை. பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தால் அதே டிவி பாதி ஆசிரியராகிவிடுகிறது.

அடுத்தது ஃபோன், டேப்லெட். கேட்க எல்லோருக்கும் பிடிக்கும். நன்கொடை தருபவர்களுக்கும் படம் எடுத்துக்கொள்ள வசதி. எனக்கு இதில்தான் நம்பிக்கை குறைவு. 2021இல் நாடு முழுக்கக் கிராமங்களில் எடுத்த ஏசர் எனும் கல்வி நிலைக் கணக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளின் வீட்டில் ஸ்மார்ட்ஃபோன் இருந்தது. ஆனால் அந்த வீடுகளிலேயே கால்வாசிப் பிள்ளைகளின் கைக்கு அது வரவில்லை. காரணம் கேட்க ஆய்வு வேண்டியதில்லை. "அக்கா, அப்பா ஃபோன எடுத்துட்டு வேலைக்குப் போயிட்டாரு" என்பதை என் திண்ணையில் தினமும் யாராவது ஒருவர் சொல்வார்கள். மாலையில் ஃபோன் வந்தால் அண்ணன் பிடுங்கிக்கொள்வான். சின்னப் பிள்ளையின் முறை கடைசியில்தான் வரும்.

சரி, பிள்ளைக்கென்றே தனியாக ஒன்று வாங்கிக் கொடுத்தால்? பெரு நாடு அதைச் செய்து பார்த்துவிட்டது. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்தார்கள். 319 பள்ளிகளில் ஆராய்ந்தபோது, பிள்ளைகள் கணினியை நிறையவே பயன்படுத்தினார்கள் என்று தெரிந்தது. ஆனால் கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் கூடவில்லை. பள்ளிச் சேர்க்கையும் கூடவில்லை. அத்தனை பணம்! பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்திவைக்க வேண்டும் என்பவர்கள் இந்த ஒரு முடிவை மட்டுமாவது மறக்கக்கூடாது.

பள்ளிக் கணினி வேறு கதை. இங்கேதான் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இயந்திரத்தையும் ஆளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே ஒரு முறை பார்த்திருக்கிறார்கள். குஜராத்தின் வடோதரா நகராட்சிப் பள்ளிகளில் அரசு கொடுத்த கணினிகள் பெரும்பாலும் சும்மா கிடந்தன. 2000களின் தொடக்கத்தில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு அவற்றில் கணக்கு விளையாட்டுகளைப் போட்டது. நான்காம் வகுப்புக்கு வாரம் இரண்டு மணி நேரம், ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள். இன்னொரு பக்கம் 'பால்சகி' திட்டம். அந்தப் பகுதியைச் சேர்ந்த, படித்த ஒரு பெண், பின்தங்கிய 15, 20 பிள்ளைகளைத் தனியாக அழைத்து, தினமும் இரண்டு மணி நேரம் அடிப்படை எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுப்பார்.

கணக்கில் கணினிதான் முந்தியது. அதை மறைக்க வேண்டியதில்லை. பிள்ளை தன் நிலையில் தொடங்கி, தப்பு செய்தால் திட்டு வாங்காமல் திரும்பச் செய்து பார்க்கலாம். கூச்சப்படும் பிள்ளைக்கு அது பெரிய விடுதலை. ஆனால் பால்சகிக்கு ஆன செலவு கணினிக்கு ஆனதில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். அவர் கணக்கோடு படிக்கவும் கற்றுக்கொடுத்தார். திட்டங்கள் முடிந்து ஓராண்டில் இரண்டும் தந்த முன்னேற்றத்தின் பெரும்பகுதி கரைந்துபோனது.

அதே குஜராத்தில் கியான் ஷாலா என்ற தொண்டு அமைப்பு ஏழைப் பிள்ளைகளுக்காக நடத்தும் பள்ளிகளில் நடந்த இன்னொரு சோதனையை நான் எல்லோரிடமும் சொல்வேன். அதே மாதிரிக் கணினிப் பயிற்சியை வகுப்பு நேரத்தை எடுத்துக்கொண்டு நடத்தியபோது பிள்ளைகள் முன்பைவிடக் குறைவாகக் கற்றார்கள். பள்ளி நேரத்துக்கு வெளியே நடத்தியபோது முன்னேறினார்கள், அதிலும் பின்தங்கியவர்கள் கூடுதலாக. ஆசிரியரின் நேரத்தைத் தின்றால் கணினி கெடுக்கிறது, அவர் நேரத்தோடு சேர்ந்தால் கொடுக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது தொடக்கப் பள்ளிகளுக்கு ஆயிரக்கணக்கில் ஸ்மார்ட் வகுப்பறைகள் வந்திருக்கின்றன. ஒவ்வொரு பள்ளியிலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அது எந்த நேரத்தில், யார் பக்கத்தில் நிற்க ஓடுகிறது? எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிக்கிறதே, அந்தப் பிரிப்போடு திரையையும் இணைத்தால் பலன் இருக்கும். மூன்று நிலைக்கும் ஒரே வீடியோவைப் போட்டால் பெரிய டிவி வாங்கிவைத்தது போலத்தான்.

அப்புறம் ஆள். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு ஒரு தன்னார்வலர் ஏறக்குறைய இருபது பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் எடுத்தார். கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்த ஆய்வாளர்கள், ஊரடங்கில் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கைப் பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் பிள்ளைகள் மீட்டுவிட்டார்கள் என்று கண்டார்கள். அந்த மீட்சியில் ஏறக்குறைய கால்பங்கு இந்தத் திண்ணை வகுப்புகளால் வந்தது. நான் பெருமைப்படுகிற எண் இது.

ஆனால் திண்ணைக்கு ஒரு பெரிய குறை உண்டு. கரும்புக் காட்டுக்கு அது கூட வராது. குடும்பம் கிளம்பிவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதனால்தான் போட்ஸ்வானாவைப் பற்றிப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். 2020இல் அங்கே சுமார் 4,500 குடும்பங்களை எடுத்துக்கொண்டு, சிலருக்கு வாரம் ஒரு கணக்கை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பினார்கள். வேறு சிலருக்கு எஸ்எம்எஸ்ஸோடு ஒரு ஆசிரியர் இருபது நிமிடம் ஃபோனில் பேசினார். பேசியபோது பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள், வெறும் செய்திக்கு அவ்வளவு பலன் இல்லை. பிறகு இந்தியா, கென்யா, நேபாளம், பிலிப்பைன்ஸ், உகாண்டாவிலும் ஃபோன் பாடம் பலன் தந்தது. இதற்கு ஸ்மார்ட்ஃபோன்கூட வேண்டாம், பொத்தான் ஃபோன் போதும்.

அடுத்த தையில் நானும் செய்து பார்த்தேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பெற்றோரோடு போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமை இரவு, அவன் அம்மா சோறாக்கி முடித்ததும் கூப்பிடுவேன். "நாப்பத்திரண்டுல பதினேழு போனா?" சத்தமே வராது. அப்புறம் தரையில் குச்சியால் கீறுவது கேட்கும். "இருபத்தஞ்சுக்கா!" சில வாரம் சிக்னல் இருக்காது, சில வாரம் தூங்கிப்போயிருப்பான். ஜூனில் பள்ளி திறந்தபோது நான்காம் வகுப்பில் வந்து உட்கார்ந்தான். ஒரு பையனை வைத்து எதையும் நிறுவ முடியாது என்று தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இனி பணக் கணக்கு. ஒரு லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது என்று வையுங்கள். டேப்லெட் ஒன்று பத்தாயிரம் என்றால் பத்துப் பிள்ளைகளுக்கு வாங்கலாம். மாதம் ஆயிரம் வீதம் எட்டுத் தன்னார்வலர்களை ஓராண்டுக்கு வைத்தால் 96,000 ரூபாய், 160 பிள்ளைகள். ஆயிரம் ரூபாய் அந்தப் பெண்களின் உழைப்புக்கு நியாயமான தொகை என்று நான் சொல்லமாட்டேன். இரண்டாயிரமாகக் கொடுங்கள். அப்போதும் நான்கு பேர், 80 பிள்ளைகள். மிச்சம் இருக்கும் நாலாயிரத்தில் அந்த நான்கு பேரின் ஃபோனுக்கும் ரீசார்ஜ் போட்டுவிடுங்கள், தை மாதத்துக்கு வேண்டும்.