எக்ஸ் இருக்கிற மூலை: ஒரு 304 கேமுடன் மூன்று வருஷம்

போன வாரம் என் போன் கொழும்பு பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் நாலு நாள் படுத்துக் கிடந்தது. பஸ்ஸில் இருந்து இறங்கும்போது கை நழுவி, காலி வீதி ஓரத்து மழைத் தண்ணீரில் குப்புற விழுந்த கதை அது. டிஸ்பிளே போய்விட்டது, உள்ளே தண்ணீரும் இறங்கியிருக்கிறது, சொஃப்ட்வேரும் அடிக்க வேண்டும் என்றார் கடைக்காரர். "டிஸ்பிளே ஒரிஜினலா, கொப்பியா?" என்று கேட்டார். விலை வித்தியாசத்தைக் கேட்டுவிட்டுக் கொப்பி என்றேன். அந்த ஒரு சொல்லால் வந்த வினையைப் பிறகு சொல்கிறேன்.

போன் கைக்கு வந்தபோது கழுவிக் கவிழ்த்த கோப்பை மாதிரி இருந்தது. வாட்ஸ்அப் இறக்கினேன். வங்கி ஆப் இறக்கினேன். வாடகை வண்டி பிடிக்கிற பிக்மீ இறக்கினேன். நாலாவதாக, யோசிக்கவே யோசிக்காமல், 304 என்று அடித்து அந்தச் சீட்டாட்டக் கேமை இறக்கினேன். பக்கத்து மேசையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த கொட்டாஞ்சேனை நண்பன் விடவில்லை. "மச்சான், சாப்பாட்டு நேரம் முழுக்க இதைத்தானே திட்டிக்கொண்டு இருப்பாய். அழிஞ்சது நல்லதுக்கு என்று விடாமல் ஏன் திரும்ப இறக்கிறாய்? அவ்வளவு நல்ல கேம் என்றால் நானும் இறக்கவா?"

இரண்டு கேள்விக்கும் அந்த இடத்தில் பதில் வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளம்.

முதன்முதலில் இதை இறக்கியது 2022 இல், கரண்ட் இல்லாத காலத்தில். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரைக்கும் வெட்டினார்களே, அந்தக் கிழமை. வெள்ளவத்தையில் நாலாம் மாடி. லிஃப்ட் இல்லை, ஃபேன் இல்லை, ரவுட்டர் செத்துக் கிடக்கிறது, மொபைல் சிக்னலும் இழுத்து இழுத்து வருகிறது. காற்றுக்காகப் படிக்கட்டில் வந்து குந்தினால் இரண்டாம் மாடி ஐயா அங்கே முன்னமே இருக்கிறார், முகத்தில் போன் வெளிச்சம். எட்டிப் பார்த்தேன். சீட்டாட்டம், துரும்புச் சீட்டு கவிழ்த்து வைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வாசிகசாலைத் திண்ணையில் அப்பாவுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பழகிய அதே மேசை, நாலு அங்குலத்தில்.

"இதுக்கு இன்டர்நெட் வேணுமோ?" என்று கேட்டேன். "வேண்டாம் தம்பி" என்றார். அவ்வளவுதான். படம் அழகா, யார் செய்தது, எதையும் கேட்கவில்லை.

ஆனாலும் அன்று இரவு சிக்னல் வந்தவுடன் கண்ணை மூடிக்கொண்டு இறக்கிவிடவில்லை. பிளே ஸ்டோரில் பெயருக்குக் கீழே ஒரு வரி ஓடும் இல்லையா, நட்சத்திரம், எம்.பி., வயது, எத்தனை பேர் இறக்கினார்கள் என்று. அதில் எனக்கு முதலில் கண் போகிற இடம் எம்.பி. ரீலோட் போட்டு டேட்டா எண்ணிச் செலவழிக்கிறவனுக்கு அதுதான் உண்மையான விலை. "இலவசம்" என்று எழுதியிருக்கிற கேம் 900 எம்.பி. என்றால் அது இலவசம் இல்லை. சில கேம்கள் இன்னும் கெட்டித்தனம்: வெளியே 90 எம்.பி. காட்டும், உள்ளே போய் உட்கார்ந்ததும் இன்னொரு 600 எம்.பி. இறங்க வேண்டும் என்று ஒரு பட்டையை நீட்டும். இது 40க்குள் இருந்தது, உள்ளே போனதும் வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த நேர்மைக்கு இன்றைக்கும் மதிப்பு வைத்திருக்கிறேன்.

இறக்கினவர்கள் எண்ணிக்கையை நான் நம்புவதில்லை. அது படிப்படியாகத் தாவுகிற எண். பத்து லட்சம் தாண்டினால் அடுத்த படி ஐம்பது லட்சம். நடுவில் எங்கே நின்றாலும் அதே "பத்து லட்சம்+" தான். அழித்துவிட்டுப் போனவர்களும் அந்தக் கணக்கில்தான் கிடப்பார்கள்.

நட்சத்திரக் கதை இன்னும் வேடிக்கை. கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிற அத்தானுக்கு இந்தக் கேமைச் சொன்னபோது, "3.9தானே இருக்கு, நீ என்ன 4.4 என்கிறாய்?" என்றார். கண்ணாடியைப் போட்டுப் பாருங்கள் என்று நானும், உனக்குத்தான் போட வேணும் என்று அவரும் பத்து நிமிஷம் சண்டை. இரண்டு பேரும் சரி. 2021 நவம்பரில் இருந்து பிளே ஸ்டோர் அந்தந்த நாட்டு ஆட்கள் போட்ட நட்சத்திரத்தைத்தான் அந்தந்த நாட்டுப் போனில் காட்டுகிறது. அதற்கு முன்னமே, 2019 இல், பழைய மதிப்பெண்ணை விட அண்மையில் போட்டதற்கு எடை கூட என்று கணக்கை மாற்றியிருந்தார்கள். ஆகவே நான் பார்த்த 4.4 என்பது இங்கே கரண்ட் வெட்டில் கிடந்தவர்கள் போட்டது. வேறு கதி இல்லாதவன் போடுகிற நட்சத்திரம் கொஞ்சம் தாராளமாகத்தான் இருக்கும்.

நான் வாசிப்பது ஒற்றை நட்சத்திர விமர்சனங்களை. ஐந்து நட்சத்திரக்காரர் "சூப்பர்" என்று ஒரு சொல்லில் போய்விடுவார். கோபக்காரர்தான் விபரம் தருவார். இந்தக் கேமுக்கு அன்று மேலே கிடந்த ஒற்றை நட்சத்திரம், கம்ப்யூட்டர் கள்ளம் செய்கிறது, எப்போதும் ஜாக் அவன் கையில்தான் என்று ஒரு பந்தி அழுதிருந்தது. அதை வாசித்ததும் இறக்கிவிட்டேன். 304 ஆடுகிறவன் தோற்றால் சொல்கிற முதல் வார்த்தை அதுதான். அப்படி ஒருவர் அழுகிறார் என்றால் உள்ளே இருப்பது உண்மையான 304.

இருந்ததும் உண்மைதான். நாலு கார்டு கொடுத்துக் கேள்வி, அதாவது எத்தனை புள்ளி எடுப்போம் என்ற ஏலம், கேட்க வைக்கிறது, 160க்குக் கீழே கேட்க விடாது, துரும்பை ஒழுங்காகக் கவிழ்க்கிறது, துரும்பால் வெட்டினால் திறக்கிறது. அப்பா இருந்திருந்தால் ஒரு பிழையும் சொல்லியிருக்க மாட்டார், எதிரே உட்காருகிற கம்ப்யூட்டர் கூட்டாளியைத் தவிர. இந்த ஆட்டத்தில் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, எட்டும் ஏழும் வெறும் கடதாசி. எதிராளி ஸ்கோப்பன் (ஸ்பேட்) ஜாக்கை இறக்கின பிடியில் என் கூட்டாளி ஸ்கோப்பன் ஒன்பதைக் கொண்டுபோய் வைப்பான். சரி, கையில் வேறு ஸ்கோப்பன் இல்லையாக்கும் என்று மனதைத் தேற்றுவேன். அடுத்த பிடியில் நிதானமாக ஸ்கோப்பன் எட்டைப் போடுவான். இருபது புள்ளியைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு எட்டைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறான்! மூன்று வருஷத்தில் எத்தனையோ அப்டேட் வந்தது. இவனுக்கு மட்டும் புத்தி வரவில்லை.

சரி, திட்ட வேண்டிய முக்கிய விஷயத்துக்கு வருவோம். விளம்பரம்.

இலவசக் கேமில் விளம்பரம் வருவது குற்றம் இல்லை. செய்தவனும் சாப்பிட வேண்டும். இன்ஸ்டால் பொத்தானுக்குப் பக்கத்திலேயே "விளம்பரங்கள் உண்டு" என்று எழுதியிருக்கிறது, தெரிந்துதான் போனேன். முதல் ஒரு வருஷம் ஒரு ஆட்டம் முடிந்தால் ஒன்று வரும். அதுவும் டேட்டாவை நிறுத்திவிட்டு ஆடினால் வராது. பிறகு ஒரு அப்டேட்டில் யாருக்கோ மூளை வேலை செய்தது. இப்போது கேள்வி முடிந்து துரும்பு கவிழ்த்த உடனே வருகிறது. நான் 220 கேட்டிருக்கிறேன். கையில் என்ன இருக்கிறது, யார் எதைக் கேட்டார்கள், எந்தச் சாதிச் சீட்டில் தொடங்கலாம் என்று தலைக்குள் அடுக்கி முடிக்கிற அந்த நொடியில், ஒரு ராட்சத மீன் சின்ன மீனை விழுங்குகிறது. முப்பது விநாடி. திரும்பி வரும்போது எதிராளி என்ன கேட்டான் என்பதே மறந்து போயிருக்கும்.

விளம்பரத்தை மூடுகிற அந்த எக்ஸ் இருக்கிறதே, மிளகு அளவு. முதலில் ஐந்து, நாலு, மூன்று என்று எண்ணும். பிறகு தோன்றும். அதை அழுத்தினால் விளம்பரம் மூடாது, இரண்டாவது பக்கம் ஒன்று திறக்கும், அதில் இன்னொரு எக்ஸ். கொஞ்சம் விலகி அழுத்தினால் பிளே ஸ்டோர் திறக்கிறது. இங்கேதான் கொப்பி டிஸ்பிளேயின் வினை. புது டிஸ்பிளேயில் வலப்பக்க மேல் மூலையில் ஒரு விரல்நுனி அளவு இடம் தொட்டால் தெரியாது. மற்ற எல்லா இடமும் நன்றாக வேலை செய்கிறது. கடைக்காரரிடம் காட்டினேன், "அந்த மூலையில உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. போன் வைத்திருக்கிற எவருக்கும் அந்த மூலையில் வேலை இல்லை, இலவசக் கேம் ஆடுகிறவனைத் தவிர.

இப்போது ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். போனைப் படுக்கையில் பிடித்துத்தான் ஆட வேண்டிய கேம் என்பதால், விளம்பரம் வந்ததும் போனைத் தலைகீழாகத் திருப்பினால் படமும் திரும்பி, எக்ஸ் உயிருள்ள மூலைக்கு வந்துவிடும். அழுத்திவிட்டு மறுபடி திருப்பிக்கொள்வேன். 100ஆம் நம்பர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் நான் ஏதோ பஸ் ஓட்டுகிறேன் என்று நினைக்கிறார்கள்.

இந்த விளம்பரங்கள் எல்லாமே வேறு இலவசக் கேம்களுக்குத்தான் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு ஆளை இறக்க வைத்தால் இவ்வளவு என்று அந்தக் கேம்காரர் காசு கட்டுகிறார். நான் எக்ஸை அழுத்தத் தவறி ஸ்டோருக்குள் போய் விழுவது யாருக்கோ வருமானம். ஒருமுறை நானும் விழுந்தேன். ஊசியை இழுத்தால் தங்கம் கொட்ட வேண்டும், பிழையான ஊசியை இழுத்தால் நெருப்புக் குழம்பு. விளம்பரத்தில் இழுத்தவன் ஒவ்வொரு முறையும் முட்டாள்தனமாகப் பிழையாக இழுக்கிறான். பார்க்கப் பார்க்கக் கை துருதுருத்தது. நான் என்றால் இப்படியா இழுப்பேன்? இறக்கினேன். உள்ளே ஊசியும் இல்லை, தங்கமும் இல்லை, ஒரே நிறத்தில் மூன்றை வரிசைப்படுத்துகிற வழமையான விளையாட்டு. இந்த மாதிரிப் புகார்களில் பிரித்தானிய விளம்பரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 இலேயே ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் என்ற இரண்டு கேம்களின் விளம்பரத்தையும் தப்பான எண்ணம் தருகிறது, அதே வடிவில் திரும்பப் போடக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. நான் ஏமாந்தது வேறு ஒன்றில். அந்த ரகம் இன்னும் சாகவில்லை என்பதற்கு என் 200 எம்.பி. சாட்சி.

விளம்பரத்தை நிறுத்தக் காசு கட்டலாம். 3 டொலருக்குக் கிட்ட. இறக்கின புதிதில் கட்டியிருக்கலாம், கஞ்சத்தனம் விடவில்லை. 2022 தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. 600 ரூபாய்க்கு யோசித்தவன் 1,000க்கு மேல் கட்டுவானா? பிறகு டொலர் 300 பக்கம் இறங்கியது, வாங்கினால் என்ன என்று மனைவி கேட்கிறாள். இவ்வளவு காலம் முப்பது முப்பது விநாடியாகக் கட்டிவிட்டேன், இனிக் காசும் கட்டுவதா என்று ஒரு வீம்பு. அதில் நியாயம் இல்லை, தெரியும்.

அப்படியென்றால் ஏன் திரும்ப இறக்கினேன்? சேர்த்து வைத்த புள்ளி எல்லாம் போய்விட்டது. கெஸ்ட் என்று உள்ளே போனவனுக்கு எதையும் எடுத்து வைக்கவில்லை. மூலை வேலை செய்யாது. கூட்டாளி முட்டாள். பதிலுக்கு வேறொரு கேமின் கதை சொல்ல வேண்டும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது லூடோ கிங் இறக்காத வீடு எனக்குத் தெரிந்து இல்லை. 2016 இல் வந்த கேம், நாலு வருஷம் என் கண்ணிலேயே படவில்லை. ஊரடங்கில் மாமி வாட்ஸ்அப்பில் தன் ஆட்ட மேசையின் நம்பரை அனுப்பி "ஒராள் குறையுது, வா" என்றார், இறக்கினேன். நட்சத்திரமும் பார்க்கவில்லை, எம்.பி.யும் பார்க்கவில்லை. இந்த 304 இலும் அப்படித் தனி மேசை போடுகிற வசதி ஒன்று பின்னால் வந்தது. ஒன்றரை வருஷமாக ஞாயிறு இரவு எட்டு மணிக்கு நான், ஸ்காபரோ அத்தான், லண்டன் ஹரோவில் இருக்கிற சித்தப்பா மகன். அத்தானுக்கு அது காலைத் தேத்தண்ணி நேரம். போன் கடையில் கிடந்த ஞாயிறு, "எங்கே ஆள்?" என்று இரண்டு பேரும் என் மனைவியின் போனுக்கு எடுத்துக் கேட்டிருக்கிறார்கள்.

ஆகவே மச்சான், நீ கேட்டதற்குப் பதில்: இறக்காதே. நல்ல கேம், சின்னக் கேம், விதி பிசகாத கேம், ஆனால் இறக்காதே. இன்று காலை பஸ்ஸில் 240 கேட்டு, ஜாக்கும் ஒன்பதும் ஆஸும் கையில் வைத்துக்கொண்டு, அந்த மீன் வந்து விழுங்கி, எக்ஸுக்குப் பதிலாக ஸ்டோர் திறந்து, திரும்பி வரும்போது ஆட்டம் போய்விட்டது. அந்தக் கோபத்தில் எழுதுகிறேன். ஐந்துக்கு இரண்டு. அதுவும் இரண்டாம் மாடி ஐயாவுக்காக.

ஞாயிறு மேசையில் நாலாவது கதிரை இன்னும் கம்ப்யூட்டர்தான். சீட்டுக் குலுக்கி யார் எதிரே உட்காருவது என்று பார்த்தாலும் எப்படியோ அவன் என் கூட்டாளியாகத்தான் வருகிறான். இறக்கினாய் என்றால் எட்டு மணிக்கு முன்னம் சொல், மேசை நம்பர் அனுப்புகிறேன்.