காரைக்குடி வெயிலுக்கு ஏ-ஃபிரேமா, வளவு வீடா?

கூரையே சுவராகத் தரைவரை இறங்கும் ஏ-ஃபிரேம் வீடு அழகுதான். நுழைந்ததும் முகடுவரை அண்ணாந்து பார்க்க வைக்கும் அந்த உயரம் வேறு சின்ன வீட்டில் கிடைக்காது. ஆனால் அந்தச் சரிவு பனி தேங்காமல் வழுக்கி விழ வசதியானது. செட்டிநாட்டில் சமாளிக்க வேண்டியது வெயிலை.

20-க்கு 30 அடி மனையை வைத்துக் கணக்குப் போடுவோம். 60 பாகைச் சரிவில் முகடு 17 அடிக்கு மேல் போகும். ஆறடி ஆள் நிமிர்ந்து நிற்க, இரு ஓரத்திலும் மூன்றரை அடி போய்விடும். 600 சதுர அடியில் 210 அடி அலமாரிக்கும் கட்டிலுக்கும்தான். எட்டடி உயரத்தில் பரண் போட்டால், அங்கே நிமிர்ந்து நடக்க நாலடிகூடத் தேறாது. நடு முற்றத்தைச் சுற்றி ஓட்டுக் கூரை இறங்கும் வளவு வீட்டில் 8-க்கு 10 அடி முற்றம் விட்டால் போவது 80 சதுர அடி. அதுவும் வீண் இல்லை: சூடேறிய காற்று அதன் வழியே மேலேறும், மழைநீர் அண்டாவில் சேரும்.

கூரைச் செலவில்தான் பெரிய வித்தியாசம். ஏ-ஃபிரேமுக்கு 1,200 சதுர அடி. 30 பாகைச் சரிவில் வளவு வீட்டுக்குச் சுமார் 600, இறவாரம் தனி. நாட்டு ஓடு 60 பாகையில் நிற்காது, சரிந்துவிடும். மங்களூர் ஓட்டை ஒவ்வொன்றாக, அதைத் தாங்கும் ரீப்பர் சட்டத்தில் கட்ட வேண்டும். அதனால் தகரத்துக்குப் போவார்கள். அடியில் காற்று இடைவெளி இல்லாத தகரம் பகலெல்லாம் உள்ளே அனல் கக்கும்.

வளவு வீட்டிலும் வேலை உண்டு. ஐப்பசிக்கு முன் ஓடு பிரித்து அடுக்க வேண்டும். முற்றத்து நீர்த்தாரை சருகால் அடைத்தால் தண்ணீர் தாழ்வாரம் ஏறும்.

குடியிருக்க வளவு வீடுதான். தோப்பில் விருந்தாளிக்கு ஒரு குடில் என்றால் ஏ-ஃபிரேம் கட்டலாம். முகட்டைக் கிழமேலாக ஓட்டுங்கள். காலை, மாலை வெயில் அகலமான சரிவுகளில் நேராக விழாது. அப்போது முக்கோண முகப்புகள் கிழக்கும் மேற்கும் பார்க்கும். மேற்கே கண்ணாடி வேண்டாம், மரச் சட்டச் சன்னல் போதும். தகரத்துக்கு அடியில் மூன்று அங்குல இடைவெளி விட்டு, கீழும் முகட்டிலும் திறந்து விடுங்கள். கூரையைத் தாங்கும் சாய்வுக் கைமரங்கள் அடியில் வெளிப்பக்கம் உதைக்கும். எதிரெதிர்க் கால்களைத் தரை உத்திரத்தால் இணைக்காவிட்டால் பீடம் வெடிக்கும். மரக்கால் மண்ணைத் தொட்டால் கரையான் ஏறும், இரண்டடிக் கல் பீடம் கட்டாயம். கூரைத் தண்ணீர் முழுக்கக் காலடியில் கொட்டுவதால், சுற்றிலும் மூன்றடிக்குக் கல் பாவி வாட்டம் கொடுங்கள்.