கேமராவா, கடைக்காரர் கண்ணா?

காரைக்குடிப் பேருந்து நிலையத்திலும் சதுர்த்தித் தேரின்போது பிள்ளையார்பட்டியிலும் கூட்டத்தின் பாதுகாப்புக்கு எதை நம்புவது? கேமரா நடப்பதைப் பதியும், தடுக்காது. 2008 நவம்பர் 26 பயங்கரவாதத் தாக்குதலில் மும்பை சிஎஸ்டி (சத்ரபதி சிவாஜி) ரயில் நிலையக் கேமராக்களில் கொலையாளிகள் பதிவானார்கள், சுடுவது நிற்கவில்லை. கேமராவின் பதிவு வட்டு நிறைந்தால் பழைய பதிவு அழியும். கடிகாரம் பிசகினால் சாட்சியம் ஆட்டம் காணும்.

கடைக்காரருக்கோ தன் வாசலில் எது புதிது என்று தெரியும். ஆளில்லாத பையா? தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள். சுற்றியிருப்பவர்களை விலக்கி, தூரத்திலிருந்து அவசர உதவி எண் 112-ஐ அழைத்து, பையின் நிறம், இடம், பார்த்த நேரம் சொல்லுங்கள். சந்தேகம் பொருள் மீதும் செயல் மீதும்தான், ஒருவர் உடை மீதல்ல.

எங்கள் தேர்வு மனிதக் கண்தான். ஆனால் அந்த மும்பைத் தாக்குதலன்று படகில் வந்திறங்கிய கொலையாளிகளை மும்பை மீனவர் குப்பத்தினரும் சந்தேகித்தார்கள். அந்தச் சந்தேகம் தாக்குதலைத் தடுக்கும் நடவடிக்கையாகவில்லை. அழைத்தவுடன் ஆள் அனுப்புவது அரசின் கடமை.